பழைய கணினிக்குப் புறவாசல் எதற்கு?

முனிர்காவில் வாடகை அறையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குக் கணினி இன்று ஆடம்பரப் பொருளல்ல. ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்கவும், வங்கிக் கணக்குப் பார்க்கவும், பிள்ளைகள் படிக்கவும் அது வேண்டியிருக்கிறது. நேரு பிளேசில் பழைய கணினி வாங்கிச் சமாளிப்போரும் உண்டு. இவர்கள் தலையில்தான் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் முடிவு விடிந்திருக்கிறது.

2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. பதிவு செய்துகொள்வோருக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று அறிவித்தது, தவணையே தவிர தீர்வல்ல. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் வகையானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் வேண்டும். 2017-க்கு முந்திய கணினிகளில் மிகப் பெரும்பாலானவை இதில் தேறா. நன்றாக ஓடும் இயந்திரத்தைக் குப்பையில் போடச் சொல்வது என்ன நியாயம்?

சோதனையை ஏமாற்றிப் புதிய விண்டோஸை ஏற்றும் வழிகள் இருக்கத்தான் செய்கின்றன. அப்படி ஏற்றியது ஓடவும் செய்யும். ஆனால், அத்தகைய கணினிக்குத் திருத்தங்கள் பெறும் உரிமையில்லை என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பு, கோர் 2 டுவோ போன்ற பழைய பிராசஸர்களில் தொடங்கவே மறுக்கிறது. இன்று திறந்திருக்கும் புறவாசல் நாளை அடைபடலாம். மாதச் சம்பளம் வந்து விழும் வங்கிக் கணக்கை இந்த நம்பிக்கையில் திறப்பது விவேகமாகாது.

நேர்வாசல் இல்லாமலில்லை. லினக்ஸ் இலவசம், பழைய கணினிகளுக்கென்றே எளிய பதிப்புகளும் அதில் உண்டு. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் நம் நாட்டுத் தயாரிப்பே, தமிழிலும் இயங்கும். லினக்ஸை யு.எஸ்.பி.யில் ஏற்றி, உள்ளே இருப்பதை அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. அலுவலக மென்பொருள் சில விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பது உண்மை. அந்த வேலை இருப்போர் மாறுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

பழைய கணினி வாங்குவோர் விலையை மட்டும் கேட்டால் போதாது. விண்டோஸ் 11-க்கு அது முறைப்படி தகுதியுள்ளதா என்பதை ரசீதில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கடையை விட்டு அடுத்த கடைக்கு நடப்பதே உத்தமம்.