கேலரி யாருக்கு?

தோழர்களே, 2025 டிசம்பர் 13 அன்று சால்ட் லேக் விளையாட்டரங்கில் நடந்த கூத்தை நாடே பார்த்தது. மெஸ்ஸியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து உள்ளே போனவர்களுக்குக் கிடைத்தது, அவரைச் சூழ்ந்து நின்ற பெரிய மனிதர்களின் முதுகுதான். சற்று நேரத்தில் அவர் போய்விட்டார். பாட்டில் பறந்தது, நாற்காலி உடைந்தது, ஏற்பாட்டாளர் கைதானார், முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டார். கூட்டத்துக்கு ஒழுங்கு போதாது என்கிறார்கள் சில கனவான்கள்!

ஒழுங்கு தவறியது யார்? 1969 டிசம்பர் 16 அன்று ஈடன் தோட்டத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் ஆட்டம். அன்றைய டிக்கெட்டுக்காக வரிசையில் நின்றவர்களில் ஆறு பேர் நெரிசலில் மாண்டார்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று அதே ஈடனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் லீக் ஆட்டம். பரம எதிரிகளான இரு தரப்பு ரசிகர்களையும் ஒரே மாடத்தில் கலந்து உட்கார வைத்த புத்திசாலி யார்? களத்தில் மூண்ட சண்டை கேலரிக்கு ஏறியது. 16 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ரத்ததானம் நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் செத்தவர்கள் உட்கார்ந்திருந்த அந்த மலிவு இடம் பிறகு என்ன ஆயிற்று?

1984-இல் திறந்த சால்ட் லேக் அரங்கில் 1,20,000 பேருக்கு இடம் இருந்தது. 1997 ஜூலை 13-இல் இந்த இரு அணிகளும் மோதிய பெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,000-க்கு மேல் வந்தார்கள். 2017 இளைஞர் உலகக் கோப்பைக்காகத் தனித்தனி நாற்காலி போட்டார்கள். இறுதியாட்டம் பார்த்தவர்கள் சுமார் 66,000. 2011 உலகக் கோப்பைக்காக ஈடனிலும் இதே கழித்தல் கணக்கு. அதையும் நேரத்துக்கு முடிக்காமல், இங்கிலாந்து ஆட்டத்தைப் பெங்களூருக்குப் பறிகொடுத்தார்கள்.

பாதுகாப்பு வேண்டாமென்றா சொல்கிறோம்? வேண்டும். உள்ளூர்க் கால்பந்துக்கு இன்னும் எட்டுகிற விலையில் டிக்கெட் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இடம் பாதியாகக் குறைந்தபோது வெளியே தள்ளப்பட்டவன் யார்? பாஸ் வாங்கும் அமைச்சரின் மைத்துனனா? கூலி வாங்கிய கையோடு மகனை அழைத்துக்கொண்டு வாசலுக்கு வரும் தொழிலாளியா? சென்னையும் யோக்கியமில்லை. சேப்பாக்கத்தில் 2011-க்காகக் கட்டிய மூன்று மாடங்கள் விதிமீறல் தகராறில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள் உள்ளே காலி. டிக்கெட் கிடைக்காதவன் வெளியே.

சால்ட் லேக் அரங்கம் அரசின் சொத்து. சோப்பு வாங்கும்போதுகூட வரி கட்டும் நாமும் அதில் பங்காளிகள். எந்த நிகழ்ச்சியானாலும் ஒரு பகுதி இருக்கைகளை ஒரு நாள் கூலிக்குள் அடங்கும் விலையில், செல்போனில் அல்ல, ஜன்னலில் ரொக்கத்துக்கு விற்க வேண்டும். இலவச பாஸ் எத்தனை, யார் யாருக்கு என்று வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். இதைக் கேட்கும் மனு சங்க அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிறு மாலை வந்து கையெழுத்திடுங்கள். பெண்களும் வாருங்கள், கேலரியில் உங்களுக்கு இடமும் கழிப்பிடமும் கேட்டு ஒரு வரி அதில் உண்டு.