படக்கதை எழுதுவோரின் பாத்தியதை

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தமிழ் ஸினிமாவுக்கு இரண்டு ரங்கராஜன்களை அளித்தது. ஒருவர் திருப்பராய்த்துறையைப் பூர்வீகமாகக் கொண்டு ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த கவிஞர் வாலி. மற்றொருவர் ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்து, திருச்சி ஸெயின்ட் ஜோஸப் கல்லூரியில் பௌதிகம் பயின்ற சுஜாதா. முன்னவர் பாட்டெழுதினார், பின்னவர் வசனம் எழுதினார். பெயர் ஒன்று, ஊர் ஒன்று, எழுத்தென்னும் தொழிலும் ஒன்று. எனினும் படம் வெளிவந்த பின்னர், பாட்டெழுதியவனுக்கு ஒரு நீதியும் கதை வசனம் எழுதியவனுக்கு வேறொரு நீதியும் நமது நாட்டில் வழங்கி வருகின்றன. சட்டம் இவ்விருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. தொழில் நடக்கும் முறைதான் பிரித்து வைத்திருக்கிறது.

இந்த நிலைமைக்குப் பழைய வேர் உண்டு. ஸ்ரீ எம். கே. தியாகராஜ பாகவதர் திருச்சிவாசி. அவர் நடித்த 'அம்பிகாபதி' 1937-ல் வெளிவந்தது. அதன் டைரக்டர் எல்லிஸ் டங்கன் ஓர் அமெரிக்கர், தமிழறியாதவர். எழுதி வைத்த பிரதியும், உடனிருந்தோர் மொழிபெயர்த்துச் சொல்வதுமே அவருக்குத் துணை. பத்திரிகையுலகிலிருந்து வந்த இளங்கோவன் அப்படத்துக்கு வசனம் எழுதினார். அதற்குமுன் வசனம் என்பது இரண்டு பாட்டுகளுக்கு இடையில் இட்டு நிரப்பும் சரக்காகவே இருந்து வந்தது. வசனகர்த்தா என்று ஒருவன் உண்டு, அவனுக்காகவும் படம் பார்க்கலாம் என்று ஜனங்கள் உணர்ந்தது இளங்கோவனுக்குப் பின்னர்தான். பெயர் கிடைத்தது, பாத்தியதை கிடைக்கவில்லை. மொத்தமாக ஒரு தொகை பேசுவது, எழுதி வாங்குவது, கணக்கைத் தீர்ப்பது என்பதே வழக்கமாயிற்று.

அவ்வழக்கத்தின் கொடுமையை அறிய வேண்டுவோர் புதுமைப்பித்தனின் கடைசி நாட்களை நினைத்துப் பார்க்கட்டும். சிறுகதையில் நிகரற்ற அம்மேதை பத்திரிகை உத்தியோகத்தை விட்டு ஸினிமாவுக்குப் போனார். சிறையினின்று 1947-ல் மீண்ட பாகவதர் எடுத்த 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனாவுக்குச் சென்றார். க்ஷயரோகம் முற்றி, 1948-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். வயது நாற்பத்திரண்டுதான். அவரைக் கொன்றது வியாதியே. ஸினிமா என்று நாம் கூறவில்லை. ஆனால் எழுத்தையே ஜீவனமாகக் கொண்டவன் படுக்கையில் விழுந்தால், அவன் எழுதிய படம் எத்தனை ஊர்களில் ஓடினாலும், அவன் வீட்டு உலைக்கு அதிலிருந்து ஒரு பிடி அரிசி வர வழியில்லாத ஏற்பாடாக அது இருந்தது என்பதை யார் மறுக்க முடியும்?

சுஜாதாவின் வரலாறு இதற்கு நேர்மாறாகத் தோன்றும். 1953-ல் திருச்சியிலிருந்து ஸ்ரீ திருலோக சீதாராம் நடத்தி வந்த 'சிவாஜி' பத்திரிகையில் அவருடைய முதற் கதை வெளியாயிற்று. பின்னர் 'ரோஜா' (1992), 'இந்தியன்' (1996), 'முதல்வன்' (1999) முதலான படங்களுக்கு அவர் எழுதிய வசனம் நாடறிந்தது. அவர் 2008-ல் காலமான பிறகு, 2010-ல் வெளிவந்த 'எந்திரன்' வரையில் அவருடைய பேனா பேசிற்று. திரைக்கதை அமைக்கும் விதத்தைக் கற்பிக்கத் தமிழில் நூலும் எழுதினார். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது. படமுதலாளி கொடுப்பதை நம்பி அவர் அடுப்பு எரியவில்லை. வேறோரிடத்தில் சம்பளம் வாங்குகிறவனே நிம்மதியாகச் செய்யக்கூடிய வேலையைத் தொழில் என்று எப்படி அழைப்பது? வக்கீலையும் வைத்தியரையும் நாம் அப்படி எண்ணுகிறோமா?

அவருக்கும் சங்கடங்கள் இல்லாமலில்லை. 'ப்ரியா' நாவலில் லண்டனில் நடந்த கதை, 1978-ல் படமானபோது ஸிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தது. திரைக்கதை வேறொருவர் கையில் இருந்தது. படம் நன்றாகவே ஓடிற்று. ஆயினும் கதையை எழுதியவன் ஒருவன், அதைப் படத்துக்காக வெட்டி ஒட்டுகிறவன் வேறொருவன் என்ற முறை இதில் விளங்கும்.

திரைக்கதை என்பது வசனமன்று. எந்தக் காட்சி முன், எது பின். எதை ஜனங்கள் அறிய வேண்டும், எதைக் கதாநாயகனுக்கும் முன்னதாக அறிய வேண்டும். எந்த இடத்தில் ஒருவரும் வாய் திறவாமலிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் வேலை அது. வீட்டுக்குக் கொத்தன் வருமுன் வரைபடம் போடுவது போன்றது. தமிழ்ப் படங்களில் 'கதை, திரைக்கதை, டைரக்ஷன்' என்று ஒரே பெயர் வருவது சாதாரணமாகிவிட்டது. சில டைரக்டர்கள் மெய்யாகவே மூன்றையும் செய்கிறார்கள். அவர்களுக்கு நமது மரியாதை உண்டு. பல இடங்களில் நாலைந்து உதவியாளர் அறையில் அமர்ந்து மாதக்கணக்கில் வளர்த்த கதை, திரையில் ஒருவர் பெயருக்குள் அடங்கிப் போகிறது. பெயரே இல்லாதவன் பங்கு கேட்பது எங்ஙனம்?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். கூலி கொடுத்து எழுதுவித்த பாட்டின் உரிமை படமுதலாளியையே சேரும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1977-ல் தீர்ப்பளித்தது. முப்பத்தைந்து வருஷங்கள் அதுவே ஆட்சி செலுத்திற்று. 2012-ல் பார்லிமெண்டு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. படத்தில் சேர்ந்த இலக்கிய ஆக்கத்தை இயற்றியவன், கொட்டகையில் படம் காட்டப்படுவது நீங்கலாக, மற்ற உபயோகங்களுக்கான ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை எழுதிக் கொடுத்துவிடவே முடியாது என்று விதித்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. இலக்கிய ஆக்கம் என்பதில் பாட்டும் அடங்கும். கதை வசனமும் அடங்கும். இதற்காக ராஜ்ய சபையில் வாதாடிய ஸ்ரீ ஜாவேத் அக்தர் இரண்டும் எழுதியவர். 1973-ல் 'ஜஞ்சீர்' படத்தின் சுவரொட்டிகளில் எழுதியவர் பெயர் இல்லையென்று ஆள் வைத்துத் தம் பெயர்களைத் தீட்டச் செய்த ஸலீம்-ஜாவேத் ஜோடியில் ஒருவர் அவர்.

பாட்டாசிரியர்களுக்கு 1969-லேயே ஏற்பட்ட சங்கம் ஒன்று இருந்தது. சட்டம் திருந்தியதும் அதன் மூலம் தங்கள் பங்கை வசூலிக்க வழி பிறந்தது. டெலிவிஷனிலும் இன்டர்நெட்டிலும் பாட்டு ஒலித்தால் கணக்கு எழுதப்படுகிறது. அதே டெலிவிஷனில் படம் முழுவதும் நூறாவது முறை ஓடினாலும், வசனம் எழுதியவன் வீட்டுக் கதவைத் தட்டுவார் இல்லை. உரிமை கடலாக இருக்கிறது, மொள்ளப் பாத்திரமில்லை. 2012-க்கு முந்திய படங்களுக்கு இப்பாதுகாப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பது வழக்காடுவதற்குரியது. அதனால்தான் இப்போது எழுதுகிறவர்கள் தாமதிக்கலாகாது என்கிறோம்.

வெறும் கற்பனைக்கு உரிமையில்லை, அதை விரித்து எழுதிய உருவத்துக்கே உண்டு என்று 1978-லேயே சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கிவிட்டது. வாயால் சொன்ன கதைக்கு நியாயஸ்தலம் துணை வராது. 2018-ல் 'சர்க்கார்' படம் பற்றித் தகராறு எழுந்தபோது, உதவி டைரக்டர் ஒருவர் 2007-ல் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்திருந்த கதைப்பிரதிதான் அவருக்கு ஆயுதமாயிற்று. சென்னை ஹைகோர்ட்டில் சமரசம் ஏற்பட்டுப் படத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. காகிதத்தின் வலிமை அது.

அமெரிக்காவில் 2023-ம் வருஷம் மே 2 முதல் ஸெப்டம்பர் 27 வரை 148 நாள் எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். இயந்திரம் எழுதித் தருமாயின் மனிதன் எதற்கு என்ற முதலாளிகளின் எண்ணத்துக்கும் அணை போட்டார்கள். அங்கே சங்கத்துக்கு வெளியே எழுத ஆள் கிடைப்பது அரிது. இங்கோ ஒருவன் மறுத்தால் வடபழனியில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். ஆகவே அவர்கள் வழி நமக்கு அப்படியே பொருந்தாது. சட்டம் கொடுத்ததை வசூலிக்கும் சங்கம் ஒன்றைத் தமிழ் எழுத்தாளர்கள் உறுதியாக அமைப்பது பொருந்தும்.

திருச்சி ஜங்ஷனிலிருந்து சென்னைக்கு ரெயிலேறும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கதையைச் சொல்லுமுன் எழுதுங்கள். எழுதியதைப் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தம் கையில் வந்தால், முன்பணம் எவ்வளவு என்ற வரியை மட்டும் பாராமல், திரையில் பெயர் எப்படி வரும், பிரதியை வேறொருவர் மாற்றினால் என்ன, டெலிவிஷனுக்கு விற்றால் பங்கு யார் மூலம் வரும் என்ற வரிகள் அதில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையேல் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.