குழாயை எந்தப் பக்கம் திருப்புவது?

தைப்பூசம் வந்தால் பழநிச் சாலை முழுக்கப் பாட்டுதான். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து பாதயாத்திரையாக வருவோர் ஆயக்குடியைத் தொட்டதும் மலை தெரிகிற உற்சாகத்தில் நடையை எட்டிப் போடுகிறார்கள். அன்னதானப் பந்தலுக்கு ஒரு மைக்செட், மோர்ப் பந்தலுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே குடியிருப்பவருக்கு எந்தப் பாட்டும் முழுதாகக் கேட்பதில்லை, தூக்கமும் இல்லை. பூசம் முடிந்தால் காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஆண்டு முழுக்கத் தொடர்கிறது. அரசு வேலைத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தரும் மையத்தால் பெயர் பெற்ற ஊர் ஆயக்குடி. புத்தகமும் கையுமாக இருப்பவர்களின் ஊரில் ஒலி-ஒளி அமைப்பாளருக்குப் பொறுப்பு கூடுதல்.

இந்தப் பொறுப்பை விழாக் கமிட்டியின் தலையில் கட்டிவிட முடியாது. ஒலிபெருக்கிக் குழாயைக் கம்பத்தில் கட்டுவதும், அதன் வாயைத் திருப்புவதும், ஆம்ப்ளிஃபயரின் திருகைக் கூட்டுவதும் செட் போடுபவரின் கைதான்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்துள்ளன. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதலாக இருக்கலாம். எங்கேயும் 75ஐத் தாண்டக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடமுண்டு. ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி கட்டாயம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம்.

கூம்புக் குழாய் இந்தக் கணக்குக்கு எப்படிப் பொருந்தும்? நல்ல குழாய் ஒன்று முழுத் திறனில் ஒரு மீட்டர் தூரத்தில் 120 டெசிபல் வரை தரும். தூரம் பத்து மடங்கானால் 20 டெசிபல் குறையும். அப்படியென்றால் 100 மீட்டரில் 80, ஒரு கிலோமீட்டரில் 60. மரமும் சுவரும் சற்றுக் குறைக்கும். ஆனால் மலையடிவாரத்தில் இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து மேலே சூடாக இருக்கும்போது, ஒலி கீழ்நோக்கி வளைந்து இன்னும் தூரம் போகும். பந்தலில் இருப்பவருக்காகப் போட்ட பாட்டு, கொய்யாத் தோப்பைத் தாண்டி அடுத்த ஊர்க்காரரை எழுப்புவது இப்படித்தான்.

அதே பந்தலுக்கு மார்பளவு உயரத்தில், உள்நோக்கித் திருப்பிய சிறு பெட்டிகள் போதும். ஒரு மீட்டரில் 90 வைத்தால் பத்து மீட்டரில் 70. அதுவே சாதாரணப் பேச்சைவிட அதிகம். முப்பது மீட்டரில் 60 ஆகிவிடும். குழாய்க்கு இத்தனை என்று வாடகை பேசும் வழக்கம்தான் இந்த மாற்றத்துக்குப் பெரிய தடை. நல்ல ஒலிக்கு வாடகை கேட்கத் தொழில்காரர்கள் பழக வேண்டும்.

வழக்குகளும் தெளிவாகவே பேசியிருக்கின்றன. சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக் குடியிருப்போர், அருகிலிருந்த தேவாலயத்தின் ஒலிபெருக்கிக்கு எதிராக நீதிமன்றம் போனார்கள். சாலையின் வாகன இரைச்சலே பெரிது என்ற வாதமும் எழுந்தது. பிறர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் அதுவே பொருந்தும்.

அதே நீதிமன்றத்தின் 2005 ஜூலை 18 தீர்ப்பின் பின்னணியை இந்தத் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கூக்குரல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிப் பாட்டில் யார் காதிலும் விழாமல் போனது. அதைச் சுட்டித் தொடரப்பட்ட வழக்கு அது. வரம்பு மீறும் ஒலிபெருக்கிகளைப் பறிமுதல் செய்ய மாநிலங்கள் வழிசெய்ய வேண்டும் என்று அத்தீர்ப்பு சொன்னது. பறிபோவது கமிட்டியின் பொருள் அல்ல, கடன் வாங்கிச் சேர்த்த செட்.

முதலில் கெடுவது செட்காரரின் காதுதான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதே பணியிடத்துக்கான பாதுகாப்பு அளவு. 100 டெசிபலில் அது 15 நிமிடமாகச் சுருங்கும். பெட்டி அடுக்கின் பக்கத்திலேயே இரவு முழுக்க நிற்கும் உதவியாளர்களுக்குக் காதடைப்பான் வாங்கித் தருவது முதலாளியின் கடமை.

அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே பழநிக் காவல் துணைக் கண்காணிப்பாளர் அலுவலகம், ஆயக்குடிப் பேரூராட்சி, பந்தல்காரர்கள், செட் உரிமையாளர்கள் என நான்கு தரப்பினரும் ஒன்றாக உட்காரலாம். எந்தப் பந்தலில் எத்தனை பெட்டி, எந்தத் திசை, எல்லையில் அளந்த டெசிபல் எவ்வளவு, குறித்த நேரத்தில் சுவிட்சை அணைக்க வேண்டியவர் யார் என்று ஒரே தாளில் எழுதி, அனுமதி விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.