சாவியைப் பார்த்தீங்களா பாஸ்?

கீபோர்டு கிளாஸில் சேர்ந்து நாலாவது மாசம். வலது கை சமர்த்தாக வாசிக்கும். இடது கை தொட்டாலே அபஸ்வரம். நமக்கு இது வராது, விட்டுடலாம் என்றே முடிவுசெய்துவிட்டேன்.

"தம்பி, ரெண்டு கைக்கும் ஒரே மாதிரி படிக்கிறீங்க" என்றார் மாஸ்டர். அங்கேதான் சிக்கல்!

ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் இருக்கும் குறிதான் கிளெஃப். பிரெஞ்சில் 'சாவி' என்று அர்த்தம். நடுக்கோட்டில் இருக்கும் ஸ்வரம் ட்ரெபிள் கிளெஃபில் 'பி', பேஸ் கிளெஃபில் 'டி', வயோலா கலைஞர்கள் படிக்கும் ஆல்டோ கிளெஃபில் 'சி'. கோடு ஒன்று, பெயர் மூன்று!

குழம்ப வேண்டாம், குறியே வழி சொல்லும். ட்ரெபிளின் சுழி சுற்றுவது கீழிருந்து இரண்டாவது கோட்டை, அது 'ஜி'. பேஸின் இரு புள்ளிகளுக்கு நடுவே போகும் கோடு 'எஃப்'. ஆல்டோவின் மையம், மிடில் 'சி'. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி இறங்கி எண்ணினால் போதும்.

தினமும் 10 நிமிஷம், இடது கை வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தேன். மூன்றாவது வாரம், அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப்பார்த்தார்.

"இன்னிக்குதான்டா பாட்டு மாதிரி கேக்குது!"

விட்டுடலாம் என்று நினைப்பவர்களே... ஒருமுறை சாவியைச் சரிபார்த்துவிடுங்கள். பூட்டு நல்லாத்தான் இருக்கும்!