இழுப்பதும் நிறுத்துவதும்

பாரம் ஏற்றும் வண்டியைக் குறித்துப் பேசுவோர் முதலில் வினவுவது, அது எவ்வளவு சுமையை இழுக்கும் என்பதே. இழுத்த சுமையை எவ்வளவு தூரத்திற்குள் நிறுத்தும் என்று வினவுவோர் மிகச் சிலர். மாட்டுவண்டி ஓட்டிய மக்களுக்கு இவ்விரண்டாம் கேள்வியும் முக்கியமாக இருந்தது. சரிவில் இறங்கும் சுமையை எருதுகளின் கழுத்து மட்டும் தாங்காது என்பதை அறிந்து, சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இட்டனர். முட்டுக்கட்டை என்னும் சொல் இன்று இடையூறு என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. ஆயினும் இறக்கத்தில் உயிரைக் காப்பது அதுவே. மோட்டார் வண்டியின் பின்னே பூட்டப்படும் டிரெயிலர் என்னும் பின்வண்டிக்கும் அத்தகைய தனித் துணை இன்றியமையாதது.

திருவனந்தபுரத்து மக்கள் 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஓர் அரிய காட்சியைக் கண்டனர். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திற்கெனச் செய்யப்பட்ட பெரும் அழுத்தக் கொதிகலம் ஒன்று, 74 டயர்கள் கொண்ட வாகனத் தொகுதியில் நகரை வந்தடைந்தது. அதன் எடை ஏறத்தாழ 70 டன், உயரம் 7.5 மீட்டர். 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தினின்று புறப்பட்ட அப்பயணம் முடிய ஓராண்டு பிடித்தது. குறுகிய சாலைகளும் தாழ்ந்த மின்கம்பிகளும் போதாவென்று ஊரடங்கும் இடையில் வந்து சேர்ந்தது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டு ஏவப்பட்ட நாட்களில் ராக்கெட்டின் உறுப்புகள் சைக்கிளில் எடுத்துச் செல்லப்பட்டதை நினைப்போர்க்கு இது பெரும் வளர்ச்சியாகவே தோன்றும். ஆனால் இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம் வேறொன்றும் உண்டு. பெருஞ்சுமையைக் கொண்டு செல்வதில் அருமை இழுப்பதில் மட்டும் இல்லை. ஒவ்வோர் அடியிலும் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பதிலேயே உள்ளது.

இதன் காரணத்தை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று ஒரு குறித்த வேகத்தில் பிரேக் பிடித்தால் 30 மீட்டரில் நிற்பதாக வைத்துக்கொள்க. அதன் பின்னே பிரேக் இல்லாத 1,000 கிலோகிராம் பின்வண்டியைப் பூட்டினால், காரின் பிரேக் விசை மாறாதிருக்கும்பொழுது, நிற்கும் தூரம் 50 மீட்டராக நீளும். வேகம் இருமடங்கானால் ஓடும் வண்டியின் ஆற்றல் நான்கு மடங்காகும். நிற்கும் தூரமும் அவ்வளவு மடங்கு பெருகும். அன்றியும், முன்வண்டி நிற்க முயலும்பொழுது பின்வண்டி அதைத் தள்ளுகிறது. நேர்ச்சாலையில் இது தூரத்தை நீட்டுவதோடு ஒழியும். வளைவிலோ, முன்வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் தள்ளப்பட்டு, இரண்டு வண்டிகளும் இணைப்பிடத்தில் முழங்கை போல் மடங்கிவிடும். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் மலைப்பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அத்தகைய பாதையில் இது என்ன விளைவைத் தரும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே பின்வண்டியின் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும். அது முன்வண்டியின் பிரேக்குடன் இசைந்து இயங்கவும் வேண்டும். இவ்விசைவை உண்டாக்குவதே மின்னணுப் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியின் பணி.

அமெரிக்காவில் 1920-களிலேயே பின்வண்டிகளுக்கு மின்சாரப் பிரேக் அமைக்கப்பட்டது. அதன் அமைப்பு எளியது. சக்கரத்தோடு சுழலும் டிரம் என்னும் உருளையினுள் ஒரு மின்காந்தம் நெம்புகோல் ஒன்றின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் டிரம்மின் பரப்பை நாடி ஒட்டிக்கொள்ளும். சுழலும் டிரம் அதைத் தன்னோடு சிறிது இழுத்துச் செல்ல, நெம்புகோல் நகர்ந்து பிரேக் கட்டைகளை டிரம்மின்மேல் அழுத்தும். ஒவ்வொரு காந்தத்திற்கும் 12 வோல்ட்டில் ஏறத்தாழ மூன்று ஆம்பியர் மின்சாரம் போதும். வண்டியின் ஓட்டமே நெம்புகோலை இயக்குவதால், சிறு மின்சாரம் பெருவிசையைக் கட்டுப்படுத்துகிறது.

எவ்வளவு மின்சாரத்தை எப்பொழுது அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பது ஓட்டுநருக்கு அருகிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி. இது இருவகைப்படும். முதல் வகையில், ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும், முன்னரே குறிக்கப்பட்ட அளவு வரை மின்சாரம் படிப்படியாக உயரும். மெல்ல மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும் அதற்கு ஒன்றே. இரண்டாம் வகையில் வேகத் தணிவை அளக்கும் உணர்கருவி ஒன்று அமைந்துள்ளது. முன்வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறதோ அந்த வீதத்திற்கேற்ப மின்சாரம் கூடும். பழைய கருவிகளில் இதற்கு ஊசல் பயன்பட்டது. சாலையின் சரிவால் ஊசல் ஏமாறும் குறை இருந்தது. இன்றைய மின்னணு உணர்கருவிகள் அக்குறையைப் பெரிதும் போக்கியுள்ளன. மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பதும் திறமையான முறையிலேயே நடைபெறுகிறது. நொடிக்குப் பன்முறை மின்சாரம் விட்டு விட்டுச் செலுத்தப்படும். ஒவ்வொரு முறையும் அது பாயும் நேரம் நீண்டால் பிரேக் வலுக்கும், குறுகினால் தளரும்.

இக்கருவியில் ஒரு கைப்பிடியும் உண்டு. பின்வண்டி இருபுறமும் அலையத் தொடங்கினால், முன்வண்டியின் பிரேக்கைத் தொடாமல் இக்கைப்பிடியால் பின்வண்டியை மட்டும் மெல்லப் பிடிக்கலாம். அப்பொழுது இணைப்பு இழுபட்டு, பின்வண்டி நேர்கோட்டிற்குத் திரும்பும். இணைப்பே அறுந்துபோனால், பின்வண்டியிலுள்ள தனி மின்கலத்தின் சுற்று மூடிக்கொண்டு பிரேக் தானாகப் பிடிக்கும்.

கனரக வண்டிகளில் இதே பணியை அழுத்தக் காற்று செய்கிறது. காற்றுக் குழாய் அறுந்தால் பிரேக் விடுபடாமல் பிடிக்க வேண்டும் என்ற தத்துவத்தை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் ரயில்களுக்கு வகுத்துத் தந்தார். எனினும் நீண்ட குழாயின் வழியே காற்றழுத்தம் பின்சக்கரங்களை எட்டச் சிறிது நேரம் ஆகும். மின்னணு முறையில் ஆணை மின்கம்பி வழியே உடனே செல்கிறது; அழுத்தக் காற்று சக்கரத்தருகே காத்திருந்து பணி செய்கிறது. வேகமாக ஓடும் வண்டியில் ஒரு நொடியின் சிறு பகுதியும் பல மீட்டர் தூரமாகும்.

இச்செய்திகள் திருவனந்தபுரத்திற்கு இன்று நேரடித் தொடர்புடையவை. விழிஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. கப்பலிலிருந்து கப்பலுக்குச் சரக்கு மாற்றுவதே அதன் முதற்பணியாயினும், பெட்டகங்கள் சாலைவழிச் செல்லும் நிலை வளரும்பொழுது, நெடிய பின்வண்டிகள் மக்கள் நெருங்கி வாழும் ஊர்களின் ஊடே ஓடும். கொதிகலம் சென்றபொழுது முன்னும் பின்னும் ஆட்கள் நடந்தனர்; சாலை விலகி வழிவிட்டது. நாள்தோறும் ஓடும் பெட்டக வண்டிக்கு அத்தகைய காவல் கிடைக்காது. அதற்கும் அச்சாலையில் நடக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் உள்ள காவல், செம்மையான பிரேக் ஒன்றே.

இதைவிடக் கவலைக்குரியது டிராக்டரின் பின்னே ஓடும் வண்டி. கரும்பும் வைக்கோலும் செங்கல்லும் ஏற்றி நாட்டின் பல பகுதிகளிலும் ஓடும் இப்பின்வண்டிகளில் பலவற்றிற்குத் தனிப் பிரேக் இல்லை என்பது கண்கூடு. டிராக்டர் மெல்லத்தானே செல்கிறது, ஏழை உழவருக்கு இச்செலவு ஏன் என்று கேட்பர். செலவைப் பற்றிய கவலை நியாயமானது. வேகத்தைப் பற்றிய வாதம் நியாயமானதன்று. ஏரிக்கரைச் சரிவிலோ பாலத்தின் இறக்கத்திலோ சுமை தள்ளத் தொடங்கினால் குறைந்த வேகமும் உயிர் பறிக்கும். டிராக்டர் கவிழும்பொழுது முதலில் சிக்குபவர் அதை ஓட்டும் உழவரே.

செலவுக்கும் வழி உண்டு. எல்லாப் பின்வண்டிக்கும் மின்னணுக் கருவியே வேண்டும் என்பதில்லை. பின்வண்டி முன்வண்டியைத் தள்ளும் விசையையே கொண்டு பிரேக்கை இயக்கும் எளிய இணைப்பு ஐரோப்பிய நாடுகளில் நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. மின்சாரம் இன்றியே அது இயங்கும். நீண்ட இறக்கத்தில் அது ஓயாமல் பிடித்துச் சூடேறும் என்ற குறை உண்டு. ஆயினும் ஒன்றும் இல்லாததைவிட அது பன்மடங்கு மேல். அந்நாடுகளில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட பின்வண்டி தனிப் பிரேக் இன்றி ஓட அனுமதியில்லை என்பதும் கருதத்தக்கது.

கருவியைப் பொருத்துவதோடு கடமை முடிந்துவிடாது. சுமையேற்றிய வண்டிக்கென வைத்த மின்னளவை வெறும் வண்டிக்கும் அப்படியே விட்டால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்கும். சுமை மாறும்தோறும் அளவை மாற்றவும், இணைப்பு முனைகளில் துருவேறாமல் காக்கவும் ஓட்டுநர்க்குக் கற்பிக்க வேண்டும். கடற்காற்றும் நெடிய மழைக்காலமும் உள்ள கேரளத்தில் இவ்விரண்டாம் பணி சிறிதன்று. திருவனந்தபுரத்தில் உள்ள நாட்பாக் என்னும் போக்குவரத்து ஆய்வு நிலையமும், பொறியியற் கல்லூரியும் உள்நாட்டுச் சாலைக்கும் மழைக்கும் ஏற்ற மலிவான கருவிகளைச் சோதித்து வழிகாட்டுமாயின், அது விண்வெளிப் பணிக்குச் சற்றும் குறையாத தொண்டாகும்.

விண்வெளி மையத்தின் கொதிகலத்தை ஓராண்டு பொறுமையோடு சேதமின்றிக் கொண்டுசேர்த்த நாடு இது. அவ்வளவு கவனத்தில் ஒரு பங்கேனும் உழவரின் பின்வண்டிக்கும் துறைமுகத்தின் பெட்டக வண்டிக்கும் கிடைக்க வேண்டும். பின்வண்டி ஒன்றைப் பதிவு செய்யும்பொழுது அது ஏற்றக்கூடிய சுமையை எழுதுவதோடு, அச்சுமையுடன் அது நிற்கும் தூரத்தையும் அளந்து எழுதும் வழக்கம் ஏற்படுமாயின், பல குடும்பங்களின் துயரம் தவிர்க்கப்படும்.