கத்திரிக்காய் ஏன் மண் கலர் ஆச்சு?



சிவப்பும் நீலமும் சேர்ந்தால் என்ன நிறம்? இந்தக் கேள்விக்கு 'ஊதா' என்று எழுதி நான் முழு மார்க் வாங்கியிருக்கிறேன். நீங்களும் வாங்கியிருப்பீங்க. ஆனால் போன மாதம் ஓவியப் போட்டிக்குக் கத்திரிக்காய் வரைந்துவிட்டு, வாட்டர் கலர் டப்பாவில் இருந்த சிவப்பையும் நீலத்தையும் கலந்தேன். ஊதா வரவே இல்லை. சேறு மாதிரி ஒரு கலர்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவள், "இது கத்திரிக்காயா, கருணைக்கிழங்கா?" என்று கேட்டுவிட்டாள்.

அப்போ புத்தகம் பொய்யா? இல்லை. வீட்டில் திரும்பத் திரும்பக் கலந்து பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சிவப்பு, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு. அதற்குள் மஞ்சள் சாயல் இருக்கு. அதனால் நான் கலந்தது இரண்டு நிறம் இல்லை, மூன்று நிறம். மூன்றும் சேர்ந்தால் மண் கலர்தான் வரும். ரோஸ் சாயல் உள்ள சிவப்பை எடுத்து நீலத்தோடு கலந்தேன். கத்திரிப்பூ கலர் வந்துவிட்டது! இதை மனப்பாடம் பண்ணித் தெரிந்துகொள்ள முடியுமா? நிறங்களைக் கையால் கலந்துதான் படிக்கணும். இதுதான் என் கருத்து.

நம் பெரிய காஞ்சிபுரத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். சாயம் போடுகிறவர் ஈர நூலைப் பார்த்து முடிவு பண்ண மாட்டார். ஈரத்தில் அழுத்தமாகத் தெரியும் கலர், காய்ந்ததும் வெளிறித் தெரியும். அதனால் கொஞ்சம் நூலைக் காயவைத்து, கேட்ட கலரோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். மயில்கழுத்து கலரைத் தட்டில் எவ்வளவு கலந்தாலும் கொண்டுவர முடியாது. பாவு நீலம், ஊடை பச்சை என்று இரண்டு நூலாக நெய்தால்தான், புடவையை அசைக்கும்போது கலர் மாறி மாறித் தெரியும்.

பிரான்ஸ் நாட்டில் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் 1824-ல் பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். அங்கே கருப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குற்றமே இல்லை! பக்கத்தில் இருந்த நீலம், ஊதா நூல்களால்தான் கருப்பு அப்படித் தெரிந்தது. இதை ஆராய்ந்து 1839-ல் பெரிய புத்தகமே எழுதினார். நம் ஊர்க் கோர்வைப் புடவையிலும் ஒரே மஞ்சள் உடல், அரக்கு பார்டர் வைத்தால் ஒரு மாதிரியும், பச்சை பார்டர் வைத்தால் வேறு மாதிரியும் தெரிகிறதே, அதுவும் இதனால்தான்.

"அடுத்த வருஷம் பத்தாவது, டிராயிங் பீரியடில் கணக்குப் போடுங்க" என்று சொல்வார்கள். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரம் ஒரே ஒரு பீரியட் போதும். பெஞ்சுக்கு ஒரு டப்பா, அதில் மூன்றே கலர். கலக்குவதற்குக் கொட்டாங்கச்சி, கீழே விரிக்கப் பழைய பேப்பர். சட்டையில் பட்டால் துவைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நம்மில் நிறைய பேர் வீட்டில் தறி இருக்கு, சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர்களும் இருக்காங்க. பெற்றோர் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுகிறோம். அவர்களும் வந்து, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒருவரை ஒரு பீரியட் பாடம் நடத்தக் கூப்பிடலாமே! கரும்பலகைக்கு முன்னால் நின்று அவர் கலர் கலந்து காட்டட்டும். நாம் கீழே உட்கார்ந்து கற்றுக்கொள்வோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுக் கத்திரிக்காயும் அப்படித்தான் என்று எனக்கு இப்போ தெரியும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி