எறியாத குப்பி

வலியசாலை அக்கிரகாரத்தில் வளர்ந்தவர்கள் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை மறந்திருக்கமாட்டார்கள். அதற்கு முதல்நாள் மாலை, கையில் எண்ணெய்க் குப்பியுடன் சாலைக் கடைத்தெருவுக்கு ஓடிய சிறுவர்களில் நாமும் உண்டு. கடைக்காரர் வேண்டியதை அளந்து, புனல் வைத்து வார்ப்பார். அரைக்கால் ரூபாய்க்குக் கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். சீயக்காய்ப் பொடிக்கு ஒரு தகர டப்பா. குளித்து முடித்தபின் எறிவதற்கென்று வீட்டில் எதுவும் மிஞ்சியதில்லை.

பிறகு ஷாம்பு பாக்கெட் வந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடிய சிறு அளவில் பொருள் கிடைக்கவேண்டும் என்று எண்ணி இவ்வழியைக் காட்டியவர். அவ்வெண்ணத்தைக் குறை கூறுவது நியாயமன்று. அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்புவை விற்கையில், காலிப் பாக்கெட் ஐந்து கொடுத்தால் புதியது ஒன்று இலவசம் என்று ஒரு திட்டம் வகுத்தார். வியாபாரத்தைப் பெருக்கவே அதைச் செய்தார். எனினும் காலிப் பாக்கெட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டாயிற்று.

இன்று அதற்கு மதிப்பில்லை. வெவ்வேறு பொருள்களின் மெல்லிய ஏடுகளை ஒட்டிச் செய்யப்படும் அதைப் பிரித்து மறுபடி பயன்படுத்துதல் எளிதன்று. எடையும் இல்லாமையால் பழைய பொருள் வாங்குவோரும் தொடுவதில்லை. அது சாக்கடைக்கும், அங்கிருந்து தோட்டுக்கும் போகிறது.

நம் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியே ஆமையிழஞ்சான் தோடு ஓடுகிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் தேதி, அங்கே அடைத்திருந்த குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. பலர் பலகாலம் எறிந்தவை அங்கே சேர்ந்திருந்தன. நாம் எறிந்ததும் அதில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் இயலவில்லை.

கேரள அரசு 2020 ஜனவரி முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பலவற்றைத் தடுத்தது. ஆயினும் ஷாம்பு பாக்கெட் சரங்கள் கடைவாயிலில் இன்றும் தொங்குகின்றன. சட்டம் வரட்டும், அதுவரை நாம் காத்திருக்கவேண்டுவதில்லை. சிறு அளவில் வாங்கும் வசதிக்குப் பாக்கெட்தான் வேண்டுமென்பதில்லை. அளந்து விற்கும் கடையும் அதைத் தந்ததே!

எண்ணெய், சீயக்காய், பயற்றமாவு ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். குப்பி கொண்டுபோனால் நிரப்பித் தரும் எண்ணெய் ஆலைகள் கேரளத்தில் இன்றும் உண்டு. வெறுங்குப்பியை முதலில் நிறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய எண்ணெயின்மேல் புதியதை ஊற்றாதீர்கள், காறல் தொற்றும். குப்பியை நன்கு கழுவி, ஈரமின்றி வெயிலில் உலர்த்துங்கள். ஷாம்பு வேண்டுவோர் ஒரு பெரிய குப்பியாக வாங்கி, சிறு குப்பிகளில் வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம். நீர் மட்டும் கலந்துவைக்க வேண்டாம், கெட்டுவிடும்.

வரும் வெள்ளியன்று வீட்டுக் குழந்தையின் கையில் ஒரு குப்பியைக் கொடுத்து அனுப்புமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். கடைக்காரர் முதலில் வியப்பார். நாலு வீட்டார் சேர்ந்து கேட்டால், புனலை எடுத்துவைப்பார்.